சந்தையில் கிடைக்காத கயல்

மீன் கடையில் போய் "ஒரு கிலோ கயல் போடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார். கெண்டை என்றால்தான் அவருக்குப் புரியும். ஆனால் பள்ளிக்கூடத்தில் "கயல்" என்று கூப்பிட்டால் யாராவது ஒரு பிள்ளை "உள்ளேன் டீச்சர்" என்று எழுந்து நிற்கும்.

ஆங்கிலத்திலும் ஒரு மீனுக்கு இந்தக் கதி நேர்ந்தது. சால்மனை அந்தக் காலத்து ஆங்கிலேயர் 'லாக்ஸ்' என்றுதான் சொன்னார்கள். 1066இல் நார்மன்கள் நாட்டைப் பிடித்தார்கள்; அவர்களுடைய பிரெஞ்சிலிருந்து வந்த சால்மன், சாப்பாட்டு மேசையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. லாக்ஸ் மெல்ல வழக்கொழிந்தது. சுவீடன்காரர்கள் இன்றும் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள்.

ஊர்ப் பெயர்களில் அது தப்பிப் பிழைத்திருக்கிறது. அயர்லாந்தில், டப்ளினுக்குப் பக்கத்தில், லிஃபி ஆற்றங்கரையில் லீக்ஸ்லிப் என்று ஓர் ஊர். வைக்கிங்குகள் வைத்த பெயர். லாக்ஸ் துள்ளும் இடம் என்று பொருள். முட்டையிட ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு வரும் மீன், அங்கிருந்த அருவியை எம்பித் தாண்டும். 1940களில் மின்சாரத்துக்காக அணை கட்டினார்கள், அருவி தண்ணீருக்குள் போய்விட்டது. ஊர்ப் பெயரில் மீன் இன்னமும் துள்ளிக்கொண்டிருக்கிறது. நியூயார்க்கிலோ யூதர்கள் தங்கள் இத்திஷ் மொழியோடு அதே சொல்லைக் கொண்டுவந்து, பேகல் ரொட்டிக்குள் வைத்து மறுபடி ஆங்கிலத்துக்கே ஊட்டிவிட்டார்கள்.

லாக்ஸைக் காப்பாற்றியது ஆறு. கயலைக் காப்பாற்றியது புலவர்கள். பாண்டியர் கொடியில் மீன் பறந்தது, மதுரையில் அம்மனே அங்கயற்கண்ணி ஆனாள், அப்புறம் வீட்டுக்கு வீடு கயல்விழி. மீனைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லாமல் போயிற்று.

நிக்கோபாரின் கட்சால் தீவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழ்க் குடும்பங்களில் சில, ரப்பர் தோட்ட வேலைக்காக அங்கே குடியேற்றப்பட்டன. கயலோ ஆற்று மீன், ஏரி மீன். கட்சாலைச் சுற்றிலும் உப்புத் தண்ணீர். அங்கே ஒரு கயல்விழி பிறந்தால், தன் பெயரில் இருக்கும் மீனைப் பார்க்க அவள் கப்பலேறித்தான் வரவேண்டியிருக்கும். அந்தக் கடலில் அகப்படுவது சூரையும் பாறையும். அதற்காக யாரும் மகளுக்குச் சூரைவிழி என்று பெயர் வைத்துவிடப் போவதில்லை.