யாருடைய நாக்கு?

ஸ்காட்லாந்தில் ஒரு முழு பாட்டில் விஸ்கியை 18 பவுண்டு 20 பென்ஸுக்குக் குறைவாக விற்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. 70 சென்டிலிட்டர், 40 சதவீதம் என்றால் 28 யூனிட் ஆல்கஹால். 2024 செப்டம்பர் 30 முதல் ஒரு யூனிட்டின் குறைந்தபட்ச விலை 65 பென்ஸ். பெருக்கினால் வந்துவிடும். ஆகவே எடின்பரோ சூப்பர்மார்க்கெட்டின் கீழ்த்தட்டில் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் விலை அங்கேதான் தொடங்குகிறது. எது மலிவு என்பதைச் சட்டம் தீர்த்துவிட்டது. விஸ்கிக்குப் புதியவனாகிய எனக்கு மிச்சமிருந்த கேள்வி வேறு. இன்னும் பதினைந்து இருபது பவுண்டு கூடுதலாகக் கொடுத்தால், அந்தப் பணத்தின் சுவையை என் நாக்கு அறியுமா, அறிந்ததாக நானே எனக்குச் சொல்லிக்கொள்வேனா?

நமக்கெல்லாம் ஸ்காட்ச் என்பது குடிப்பதற்கு முன்பே பாதி போதை தந்துவிடும் சொல். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் பெட்டியில் துணிக்குள் சுருட்டிக் கொண்டுவந்தது, முக்கியமான விருந்தாளி வந்தால் மட்டும் திறப்பது. அப்படி வளர்ந்த நாக்கை எந்த அளவு நம்பலாம்?

விலையெல்லாம் வெறும் பகட்டு, உள்ளே இருப்பது ஒரே சரக்கு என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. கணக்கு அவர்கள் பக்கம் இல்லை. 2025 பிப்ரவரியில் உயர்ந்த விகிதப்படி அந்த பாட்டிலின் மதுவரி மட்டும் 9 பவுண்டுக்குச் சற்று மேல். விற்கும் விலையில் ஆறில் ஒரு பங்கு வாட். 18.20இல் இரண்டும் போக மிஞ்சுவது ஏறக்குறைய 6 பவுண்டு. தானியம், பீப்பாய், கண்ணாடி, லாரி, கடைக்காரர் லாபம் எல்லாம் அதற்குள். 36 பவுண்டு பாட்டிலுக்கும் மதுவரி அதேதான், வாட் 6 ஆகிறது, மிஞ்சுவது கிட்டத்தட்ட 21. விலை இரட்டிப்பானால் உள்ளே செலவழிக்கக் கிடைக்கும் பணம் மூன்று மடங்குக்கு மேல். அதில் எவ்வளவு பீப்பாய்க்குப் போகிறது, எவ்வளவு அட்டைப்பெட்டிக்குப் போகிறது என்பதைத்தான் லேபிள் சொல்லாது.

எடின்பரோக்காரரான டேவிட் ஹ்யூம் 1757இல் வெளியிட்ட ரசனை பற்றிய கட்டுரையில், டான் குயிக்ஸாட் நாவலில் சாஞ்சோ சொல்லும் கதை ஒன்றை எடுத்தாள்கிறார். ஒரு பீப்பாய் ஒயினைச் சாஞ்சோவின் உறவினர்கள் இருவரிடம் கொடுத்து அபிப்பிராயம் கேட்கிறார்கள். நல்ல ஒயின்தான், லேசாகத் தோல் வாடை அடிக்கிறது என்கிறார் ஒருவர். இன்னொருவர், நல்லதுதான், லேசாக இரும்பு வாடை என்கிறார். சுற்றி நின்றவர்கள் சிரிக்கிறார்கள். பீப்பாய் காலியானபோது அடியில் ஒரு பழைய சாவி கிடக்கிறது, தோல்வாரில் கட்டியபடி.

ரசனை அவரவர் விருப்பம் என்று நாம் எளிதாகத் தள்ளிவிடுவதற்கு எதிராக ஹ்யூம் வைக்கும் சாட்சி அந்தச் சாவி. நாக்கு சொல்வது சில நேரமாவது பீப்பாயில் உள்ள ஏதோ ஒன்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பழகப் பழக, ஒப்பிட ஒப்பிட அந்தத் திறன் கூர்மையாகும் என்றும், முன்முடிவை வெளியே விட்டுவிட்டு வர வேண்டும் என்றும் சொல்கிறார். கடைசி நிபந்தனைதான் சிரமம்.

விஸ்கிக்குள் சாவிகள் இருக்கின்றன. முளைகட்டிய பார்லியைப் பீட் எனும் சதுப்பு நிலக் கரியை எரித்து உலர்த்தினால் அந்தப் புகை கடைசிவரை தங்கும். போர்பனைப் புதிய, உள்ளே கருக்கிய ஓக் கலனில்தான் வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அங்கே ஒருமுறை பயன்பட்ட பீப்பாய்கள் ஸ்காட்லாந்துக்கு வந்து வெனிலா இனிப்பைத் தருகின்றன. லேபிளில் உள்ள 12 என்ற எண்ணும் சாவிதான். உள்ளே கலந்தவற்றில் மிக இளையதன் வயது அது. பொய்ச் சாவியும் உண்டு. நிறத்துக்காகக் கேரமல் சேர்ப்பதை 2009ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விதிகள் அனுமதிக்கின்றன. அந்த ஆழ்ந்த பொன்னிறத்தைப் பார்த்து நாம் 'ஆஹா, வயசான சரக்கு' என்கிறோம். 'ஸ்மூத்தா இருக்கு' என்பதற்கோ சாவியே கிடையாது. அதை எந்த பாட்டிலுக்கும் சொல்லலாம், சொல்கிறார்கள்.

சிங்கிள் மால்ட்தான் அசல், பிளெண்ட் மட்டம் என்ற எண்ணத்துக்கும் வயதாகிவிட்டது. 1905இல் லண்டனில் இஸ்லிங்டன் நகராட்சி, விஸ்கி அல்லாததை விஸ்கி என்று விற்றதாக மதுக்கடைக்காரர்கள்மேல் வழக்கே போட்டது. தானிய விஸ்கியும் விஸ்கிதான் என்று 1909இல் அரச ஆணையம் சொன்ன பிறகே தகராறு ஓய்ந்தது. மேட்டிமை மட்டும் ஓயவில்லை.

5 சென்டிலிட்டர் குட்டி பாட்டில்கள் மூன்று வாங்கினேன். டீச்சர்ஸ், பிளாக் லேபிள், ஒரு 12 வருட ஸ்பேசைட் மால்ட். எது எதில் என்று தெரியாதபடி மனைவி ஊற்றிக்கொடுத்தாள். மூன்று இரவுகள். புகை இருக்கும் கிளாஸ்களை ஒவ்வொரு முறையும் பிரித்துவிட்டேன். விலை மலிவான டீச்சர்ஸில் அது ஒளிந்துகொள்ளவே இல்லை. வயதை மட்டும் கடைசிவரை என்னால் சொல்ல முடியவில்லை. ஆகவே இப்போதைக்குப் புகைக்குக் காசு கொடுப்பேன், வயதுக்குக் கொடுக்க மாட்டேன். நாளை நாக்கு தேறினால் பார்க்கலாம்.

இந்த விளையாட்டை ஹ்யூமோடு நிறுத்திக்கொள்ள முடியாதபடி அந்த 18.20 உறுத்துகிறது. குறைந்தபட்ச விலைச் சட்டம் 2012இல் நிறைவேறியது. விஸ்கி உற்பத்தியாளர் சங்கமே நீதிமன்றம் போனது. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பக்கம் நின்றது, 2018 மே முதல் அமலானது. மலிவான மது அதிகம் குடிப்பவர்களையே அதிகம் கொல்கிறது என்பதே சட்டத்தின் வாதம். நான் 'கட்டுப்படியாகும் விலை' என்று ஆசையாகத் தேடுவதும், ஒருவரைக் காப்பாற்ற அரசு உயர்த்தி வைத்ததும் ஒரே தட்டில் இருக்கின்றன. அதை நல்ல சட்டம் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த விலை எனக்கு ஒரு சினிமா செலவு, இன்னொருவருக்கு அது சாப்பாட்டுக் காசு. என் ரசனைப் பயிற்சிக்கு அவர் எந்த விதத்திலும் கடன்பட்டவரில்லை. அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேனா என்றால், கீழ்த்தட்டைக் கேலி பேசாமல் இருக்கும் அளவுக்காவது என்று தோன்றுகிறது.

போன வாரம் சித்தி மகன் கூப்பிட்டான். அடுத்த மாதம் முதல்முறையாக இங்கே வருகிறான். "அண்ணா, விலை கம்மியா, நல்லதா ஒரு ஸ்காட்ச் பேர் சொல்லுங்க."

"ரெண்டு மூணு குட்டி பாட்டில் வாங்கிப் பாருடா, உனக்கே தெரியும்."

"அதெல்லாம் விடுங்கண்ணா, பேரச் சொல்லுங்க."

சொல்லவில்லை. வந்ததும் மூன்று கிளாஸ் வைக்கலாம் என்றிருக்கிறேன், லேபிளை மறைத்து.