பொறுமையில் இன்பம் உண்டா?

பொறுமை கசக்கும், அதன் பலன்தான் இனிக்கும் என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவ்வாறாயின், பொறுமை என்பது இன்பத்துக்காக நாம் கொடுக்கும் விலை மட்டுந்தானா? அல்லது பொறுமையிலேயே இன்பம் உண்டா? சற்றே சிந்திப்போம்.

ஆழமில்லாத தொட்டியில் மரம் வளர்க்கும் கலையை ஜப்பானியர் 'போன்சாய்' என்பர். சீன நாட்டிலிருந்து அவர்களிடம் சென்ற கலை அது. ஆலும் அத்தியும் ஒரு முழ உயரத்தில் அடங்கி, முதுமரத்தின் கம்பீரத்தோடு நிற்பதைப் பார்த்தோர் வியப்பர். அது தனி ஜாதி மரமன்று, சாதாரண மரமே. கிளையைக் கத்தரித்து, கம்பி சுற்றி வளைத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேரை நறுக்கி மண் மாற்றுவதால் அவ்வுருவம் பெறுகிறது.

நாமும் ஆசைப்பட்டு ஓர் அத்திக் கன்று வாங்கினோம். உடனே உருவம் காணும் அவசரத்தில் வேரை நறுக்கி, கிளையைக் கழித்து, கம்பியும் சுற்றினோம். எல்லாம் ஒரே நாளில்! சில நாட்களில் இலை முழுதும் உதிர்ந்தது. கன்று பட்டுப் போயிற்று. குற்றம் கன்றினுடையதன்று.

இரண்டாவது கன்று நமக்கு ஆசானாயிற்று. தினமும் விரலால் மண்ணைத் தொட்டு ஈரம் பார்த்தே நீர் விட்டோம். நமது வெப்ப நாட்டில் கிளை விரைந்து பருக்கும். சில வாரங்களிலேயே கம்பி பட்டையில் பதியத் தொடங்கும். வேளையறிந்து அதை வெட்டி எடுக்க வேண்டும். ஆகவே, கை கட்டிச் சும்மா இருப்பது பொறுமையன்று, அது சோம்பல். நம் கடமையை உரிய வேளையில் செய்துவிட்டு, மரத்தின் வேலையை மரத்திடம் விடுவதே பொறுமை. அப்படிப் பழகிய பின், காலையில் ஒரு புதுத் துளிரைக் கண்டாலே உள்ளம் குளிர்ந்தது.

"உங்கள் மரம் எப்போது முடிவடையும்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். உயிருள்ளது எப்படி முடிவடையும்? முடிவில்தான் இன்பம் என்று காத்திருப்பவருக்கு, இக்கலையில் இன்பமே கிடையாது.

ஹிரோஷிமாவில் யமாகி குடும்பத்தாரிடம் ஒரு வெண் பைன் மரம் இருந்தது. 1625-ஆம் ஆண்டு முதல் தொட்டியில் பேணப்பட்டு வந்த மரம் அது. 1945 ஆகஸ்ட் 6-ஆம் நாள் அணுகுண்டு விழுந்தபோது, ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில், தோட்டச் சுவரின் மறைவில் நின்று உயிர் தப்பியது. 1976-இல் மசாரு யமாகி அம்மரத்தை அமெரிக்காவுக்கே அன்பளிப்பாகத் தந்துவிட்டார். அதன் ஹிரோஷிமா வரலாறு, 2001-இல் அவருடைய பேரர்கள் வாஷிங்டன் சென்று கூறிய பிறகே பரவலாகத் தெரிய வந்தது.

350 ஆண்டுகளுக்கும் மேலாக அதற்கு நீர் விட்டவர்களில் எவர் அதன் 'பலனை' அனுபவித்தார்? ஒவ்வொருவரும் தம் நாளில் அனுபவித்தனர். பிறகு அடுத்தவர் கையில் கொடுத்தனர்.

கடை பெருகட்டும், வீடு எழும்பட்டும், பிள்ளைகள் தலையெடுக்கட்டும். அப்புறம் மகிழலாம் என்று நாம் நாட்களைத் தள்ளுகிறோம். அதற்குப் பொறுமை என்று பெயரும் சூட்டுகிறோம். இதற்கிடையே பிள்ளைகள் வளர்ந்து வீட்டைவிட்டே போய்விடுகின்றனர்! நாளைய மரத்துக்கு இன்று நீர் விடுவோம். இன்றைய துளிரை இன்றே கண்டு மகிழ்வோம்.