காது முன்னே, விரல் பின்னே

நியூயார்க் நகரின் மூன்றாவது அவென்யூவில், பழைய கட்டடம் ஒன்றின் நிலவறையில் ‘ஃபேட் டியூஸ்டேஸ்’ என்று ஒரு சின்ன ஜாஸ் கிளப் இருந்தது. 1984-லிருந்து திங்கட்கிழமை இரவுகளில் அங்கே கிட்டார் வாசிக்க வந்தவர் லெஸ் பால். அப்போது அவருக்கு 69 வயது. மனைவி மேரி ஃபோர்டுடன் சேர்ந்து அவர் பதிவு செய்த ‘ஹவ் ஹை த மூன்’ 1951-இல் ஒன்பது வாரம் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்த பாடல். மறு ஆண்டிலிருந்து கிப்சன் நிறுவனம் அவர் பெயரிலேயே எலெக்ட்ரிக் கிட்டார் விற்கத் தொடங்கியது. அப்பேர்ப்பட்டவர் 1960-களின் நடுவில், மணமுறிவை ஒட்டி, மேடையைவிட்டுப் பெரும்பாலும் ஒதுங்கிவிட்டார். 1976-இல் கிட்டார் கலைஞர் செட் அட்கின்ஸுடன் ஓர் ஆல்பம் வந்தது. 1980-இல் இதயத்தில் பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. வாராவாரம் வாசிப்பது என்ற பழக்கம் அதற்கெல்லாம் பிறகுதான் வந்தது.

வந்தபோது கையில் மூட்டுவாதம். ஆண்டுகள் போகப்போக விரல்கள் ஒவ்வொன்றாக மடங்க மறுத்தன. இயங்கும் விரல்களை வைத்து எதை வாசிக்கலாமோ அதற்கேற்ப அவர் வாசிப்பையே மாற்றிக்கொண்டார். 1951-இன் மின்னல் வேக ஓட்டங்கள் குறைந்தன. ஆனால் எந்த ஸ்வரத்தை விட்டுவிடலாம், எதை விடக்கூடாது என்று அந்தக் காதுக்குத் தெரிந்திருந்தது. 2006-இல், 90 வயதில், இரண்டு கிராமி விருதுகள் வாங்கினார். 2009-இல் 94 வயதில் இறந்தார். அந்த ஆண்டும் வாசித்தார்.

நடுவயதில் கிட்டாரை மறுபடி எடுக்க நினைப்பவர்கள் இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது விடாமுயற்சியை மட்டும் என்றால் அது பாதிக் கதைதான். திரும்பி வருபவர் எதற்குத் திரும்புகிறார் என்பது இதைவிடக் கடினமான கேள்வி. இருபது வயதில் விட்ட இடத்துக்கா, இப்போது நிற்கும் இடத்துக்கா?

நம் ஊரில் 1980-களில் கல்லூரி விழாக்களிலும் மெல்லிசைக் குழுக்களிலும் கிட்டார் பிடித்தவர்கள் ஏராளம். வேலை, கல்யாணம், வீட்டுக்கடன், பிள்ளைகள் படிப்பு என்று வாழ்க்கை நகர்ந்ததில் கருவி பரணுக்குப் போனது. வாசிப்பு நின்றது, கேட்பது நிற்கவில்லை. கேசட்டில் கேட்டார்கள், சி.டி.யில் கேட்டார்கள், இப்போது போனில் கேட்கிறார்கள். முப்பது வருடமாகக் காது வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது, விரல் மட்டும் விட்ட இடத்திலேயே நின்றுவிட்டது. பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போனபின் ஒரு நாள் பெட்டியைத் திறந்தால், பத்தே நிமிடத்தில் முகம் வாடிவிடுகிறது. சி மேஜர் எப்படியோ விழுகிறது. எஃப் கார்டுக்கு ஆள்காட்டி விரலை ஆறு கம்பி மேலும் படுக்கவைத்தால், நடுவில் ஒரு கம்பி மட்டும் டொக்கென்று செத்த ஒலி கொடுக்கிறது. நுனிவிரல் எரிகிறது. பெட்டி மூடப்படுகிறது.

அந்த வாட்டத்துக்குக் காரணம் விரலின் தேய்மானம் என்றே பலரும் நினைக்கிறார்கள். காதின் வளர்ச்சிக்கும் அதில் பங்கு உண்டு. கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து சுருதியை ஏற்றும்போது, போய்ச் சேர வேண்டிய ஸ்வரத்துக்குக் கொஞ்சம் கீழேயே அது நின்றுவிடுவதை திரும்பி வருபவர் இருபது வயதில் கவனித்திருக்க மாட்டார். ஐம்பதில் கவனிக்கிறார், கவனிப்பதால் வலிக்கிறது. இளைஞனிடம் இல்லாத ஒரு சொத்து கையில் இருக்கிறது. அதை நஷ்டக் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. சிறுவயதில் வாய்ப்பாட்டு கற்றவர்களுக்கு இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஆர். பிரசன்னா கர்நாடக இசையை கிட்டாரில் வாசிக்கும்போது, கமகம் முழுவதும் கம்பியை இழுப்பதிலும் வழுக்குவதிலும்தான் பிறக்கிறது. அந்த நுட்பத்தைக் கேட்டு ரசிக்கத் தெரிந்தவர் ஆரம்பப் பள்ளி மாணவர் ஆக மாட்டார், விரல் எவ்வளவு தடுமாறினாலும்.

காதுக்கு இவ்வளவு வலு உண்டா என்று ஐயம் வந்தால், அதே நிலவறை கிளப்பில் வாசித்த இன்னொருவரைப் பார்க்கலாம். பிலடெல்பியாவைச் சேர்ந்த பாட் மார்ட்டினோ, ஜாஸ் கிட்டாரில் மிகப் பெரிய பெயர். 1980-இல் மூளை ரத்தக்குழாய்க் கோளாறுக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டபின், பெற்றோரையே அடையாளம் தெரியாத அளவுக்கு நினைவு போய்விட்டது. கிட்டாரும் போயிற்று. தன் பழைய இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு, தன்னிடமே பாடம் படிப்பதுபோல, மறுபடி கற்றார். 1987-இல் ஃபேட் டியூஸ்டேஸில் நேரடியாகப் பதிவு செய்த ஆல்பத்துக்கு ‘த ரிட்டர்ன்’ என்று பெயர். அவர் 2021-இல் இறந்தார். புதிதாகத் தொடங்குபவருக்கும் ஓர் உதாரணம் உண்டு: மூளை அறிவியல் படித்த கேரி மார்கஸ், நாற்பதை நெருங்கும் வயதில் கிட்டாரை முதன்முதலாகக் கையில் எடுத்து, அந்த அனுபவத்தை 2012-இல் ‘கிட்டார் ஜீரோ’ என்ற புத்தகமாக எழுதினார். இளமையில் தொடங்காவிட்டால் கதவு மூடிவிடும் என்ற பரவலான நம்பிக்கையை அவர் அதில் கேள்வி கேட்கிறார்.

கருவி வாங்கும் கட்டத்தில்தான் இந்தத் தெளிவெல்லாம் சோதனைக்கு வருகிறது. அன்று வாங்க முடியாத கிட்டாரை இன்று வாங்க முடியும். சுவரொட்டியில் பார்த்த அதே வடிவம், அதே நிறம். இந்த ஆசையில் தவறே இல்லை. முப்பது வருடம் காத்திருந்த ஆசைக்கு மரியாதை உண்டு. ஆனால் லெஸ் பால் மாடலில் பல கிட்டார்கள் நாலு கிலோவைத் தாண்டும்: மஹோகனிக் கட்டை, மேலே மேப்பிள் பலகை. நின்று வாசித்தால் அரை மணி நேரத்தில் கழுத்தும் தோளும் பேசத் தொடங்கும். ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை பெரும்பாலும் இதைவிட இலேசு. 1954-இல் வந்த அந்த மாடலின் உடம்பில், விலா எலும்புக்கும் முன்கைக்கும் உறுத்தாதபடி செதுக்கிய வளைவுகள் உண்டு. தோள் நோகாமல் ஒரு மணி நேரம் உட்கார முடிகிற கிட்டாரே தினமும் கையில் ஏறும்.

கம்பியின் கணக்கு இதைவிட முக்கியம். கடையில் ‘டென்’ செட், ‘நைன்’ செட் என்பார்கள். முதல் கம்பியின் தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து பங்கா, ஒன்பது பங்கா என்பதுதான் அதற்கு அர்த்தம். வித்தியாசம் ஒரு தலைமுடியைவிட மெலிது. ஆனால் இழுவிசை தடிமனின் இருமடிப்படி கூடும். ஆகவே பத்திலிருந்து ஒன்பதுக்கு இறங்கினாலே முதல் கம்பியின் இழுவிசை கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது: ஏழு கிலோவுக்குச் சற்று மேலே இருந்தது ஆறு கிலோவாகிறது. கிட்டாரின் நீளமும் இதே கணக்கில் வரும். ஃபெண்டர் கிட்டார்களில் கம்பியின் இயங்கு நீளம் 25.5 அங்குலம், கிப்சனில் 24.75. அந்த முக்கால் அங்குலம் இழுவிசையை ஆறு சதவீதம் குறைக்கிறது. இதிலும் கஷ்டம் என்றால் எல்லாக் கம்பிகளையும் அரை ஸ்வரம் இறக்கி சுருதி சேர்க்கலாம். இன்னொரு பதினோரு சதவீதம் குறையும். காசு செலவே இல்லாத வழி இது.

மெலிந்த கம்பி போடுவதைத் தோல்வியாக நினைப்பவர்கள் டோனி அயோமியை நினைத்துக்கொள்ளலாம். 1965-இல், பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில், 17 வயதில், கம்பி அழுத்தும் கையின் இரண்டு விரல் நுனிகளை இயந்திரத்தில் இழந்தவர். பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரலுக்கு உறை செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். அன்று மெலிந்த கிட்டார் கம்பி சுலபமாகக் கிடைக்காததால் பாஞ்சோ கம்பிகளைப் போட்டார். பிறகு 1971-இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ ஆல்பத்தின் பல பாடல்களில் ஒன்றரை ஸ்வரம் இறக்கி சுருதி சேர்த்தார். கம்பி தளர்ந்தது, ஒலி கனத்தது. அவருடைய பிளாக் சப்பாத் குழுவின் அந்தக் கனம் பிற்பாடு ஒரு பெரும் இசை வகைக்கே அடையாளமானது. மறுபக்கம், பாட் மார்ட்டினோ வழக்கத்தைவிட மிகத் தடித்த கம்பிகளையே விரும்பினார். ஆகவே பொது விதி என்று எதுவும் சொல்வதற்கில்லை; இன்றைய கை என்ன கேட்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

புதிது வாங்குமுன் பரணில் இருப்பதை ஒரு முறை நல்ல கிட்டார் மெக்கானிக்கிடம் காட்டுவது நல்லது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று குனிந்து பாருங்கள். எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் விரல் சுகமாக ஓடும். மூன்று, நான்கு என்று ஏறியிருந்தால் எந்த விரலும் தோற்றுப்போகும். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைத் திருகி வளைவைச் சரிசெய்து, கம்பியின் உயரத்தை இறக்கி, கரகரக்கும் வால்யூம் குமிழைச் சுத்தம் செய்தால், முப்பது வருடம் மௌனமாக இருந்த கருவி வேறு கருவியாகிவிடும். தன் கை கெட்டுவிட்டது என்று நொந்துகொண்டவர்களில் பலருக்கு உண்மையில் கெட்டிருந்தது கழுத்தின் வளைவுதான். சென்னை போன்ற கடலோர ஊர்களில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் துணியால் துடைத்து வைத்தால் பல வாரம் கூடுதலாக உழைக்கும்.

ஆம்ப் விஷயத்தில் இளமை ஆசைதான் அதிகம் ஏமாற்றும். நூறு வாட் ஆம்ப் பத்து வாட்டைவிடப் பத்து மடங்கு சத்தம் என்று தோன்றும். காதுக்கு அது ஏறத்தாழ இரண்டு மடங்குதான். அடுக்குமாடியில் அந்தப் பத்து வாட்டையே முழுதாகத் திறக்க முடியாது. 1998-இல் லைன் சிக்ஸ் நிறுவனத்தின் ‘பாட்’ கருவி வந்தபின், பெரிய ஆம்புகளின் ஒலியை மின்னணு முறையில் உருவாக்கி ஹெட்ஃபோனில் கேட்பது வீட்டுப் பழக்கமாகிவிட்டது. 2011-இல் யமஹாவின் ‘டி.ஹெச்.ஆர்’ மேசை மேல் வைக்கும் அளவில் வந்தது. 2016-இல் வந்த பாஸ் நிறுவனத்தின் ‘கட்டானா’வில் அரை வாட்டுக்கு இறக்கும் வசதியே உண்டு. இரவு பத்து மணிக்கு, வீடு தூங்கும்போது, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் வாசிக்க முடிவது ஒரு விடுதலை. ஹெட்ஃபோனின் வால்யூமில் மட்டும் கட்டுப்பாடு வேண்டும். வளர்ந்த அந்தக் காதுதான் கையிலிருக்கும் மூலதனம்.

ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ள கிட்டாரில் டியூப்லைட், டிம்மர் பக்கத்தில் ஒரு ரீங்காரம் வரும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல் அது. கிப்சனில் சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக வைத்து அந்த இரைச்சலை அடக்கும் பிக்கப்புக்கு 1955-இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அமைதியான அறையில் வாசிப்பவர்களுக்கு ‘ஹம்பக்கர்’ எனப்படும் அந்தப் பிக்கப் பெரிய நிம்மதி. அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் ஆம்ப் வாங்கி வருவதாக இருந்தால் பின்பக்கம் 120 வோல்ட் மட்டும் என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அதை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கருகிவிடும்.

ஒரு வருடம் வாசித்து, விரலில் காய்ப்பு ஏறி, எஃப் கார்டு தெளிவாக விழத் தொடங்கியபின்னும் அந்தப் பழைய கிட்டார் ஆசை அப்படியே இருந்தால், தயங்காமல் வாங்கலாம். இந்த வயதில் இது எதற்கு என்று யாராவது கேட்டால் வாசித்துக் காட்டினால் போதும். கடையில் வெட்கப்படாமல் ஸ்ட்ராப் மாட்டி நின்று, தெரிந்த மெட்டை மெதுவாக வாசித்துப் பார்த்து எடுங்கள். கூடவே அகலமான தோல் ஸ்ட்ராப் ஒன்றும் வாங்குங்கள். நாலு கிலோ எடையை அது தோள் முழுக்கப் பரப்பிவிடும்.