பெயர் தெரியாத மீனும் பிஸ்மியும்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



வலையில் ஒரு மீன் விழுகிறது. படகில் இருக்கும் யாருக்கும் அதன் பெயர் தெரியவில்லை. ஒருவர் சொல்கிறார்: "கடல் மீன் எல்லாம் ஹலால்தானே! பிஸ்மி சொல்லிச் சாப்பிடுவோம், அல்லாஹ் பார்த்துக்கொள்வான்." இந்தப் பேச்சின் முதல் பாதி மார்க்கச் சட்டம். பிற்பாதி என்ன? அது தவக்குலா, அலட்சியமா? இன்று இதைத்தான் சிந்திக்கப் போகிறோம்.

அம்பர் மீன்

கடல் வேட்டையும் கடல் உணவும் ஆகுமானவை என்று அல்லாஹ் சூரா அல்மாயிதாவின் 96-வது வசனத்தில் அறிவித்துவிட்டான். இதற்கு நடைமுறை விளக்கமாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் சம்பவம் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது.

அபூ உபைதா (ரலி) அவர்களின் தலைமையில் 300 பேர் கடற்கரைப் பகுதிக்கு அனுப்பப்பட்டார்கள். உணவு குறைந்து, ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒரு பேரீச்சம்பழம் என்ற நிலை வந்தது. பிறகு மரத்தின் இலைகளை உதிர்த்துத் தின்றார்கள். அப்போது கடல் ஒரு பெரும் மீனை ஒதுக்கியது. அம்பர் என்று அதைச் சொன்னார்கள். அதன் விலா எலும்பை நட்டபோது ஒட்டகம் அதன் அடியில் புகுந்து சென்றது என்றால் எவ்வளவு பெரியது என்று பாருங்கள்!

பசி வயிற்றைக் கிள்ளும் நேரத்திலும் அபூ உபைதா (ரலி) அவர்கள் உடனே கை வைக்கவில்லை. இது செத்தது ஆயிற்றே என்று முதலில் தயங்கினார்கள். பின்பு தங்கள் நிர்ப்பந்த நிலையை எண்ணி உண்ண அனுமதித்தார்கள். மதீனா திரும்பியதும் நபி (ஸல்) அவர்கள் அதை அல்லாஹ் வழங்கிய உணவு என்று சொல்லி, மீதமிருந்ததைக் கேட்டு வாங்கித் தாமும் உண்டார்கள். ஹலாலா என்ற சந்தேகம் அத்தோடு நீங்கியது.

"இது என்ன?" என்ற கேள்வி

ஆனால் ஹலால் என்பதோடு கேள்வி முடிந்துவிடுகிறதா? நபி (ஸல்) அவர்களின் இன்னொரு வழக்கத்தைப் பாருங்கள். ஓர் உணவு இன்னது என்று பெயர் சொல்லப்படும் வரை, அதன் பக்கம் அவர்கள் கை நீட்டுவது அரிது. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் வீட்டில் பொரித்த உடும்பு வைக்கப்பட்டபோது, அது என்ன என்று சொல்லப்பட்டதும் கையை எடுத்துக்கொண்டார்கள். "இது ஹராமா?" என்று காலித் பின் வலீத் (ரலி) கேட்டார்கள். ஹராம் இல்லை, என் ஊரில் இது பழக்கமில்லை, மனம் ஒப்பவில்லை என்ற கருத்தில் பதில் வந்தது. காலித் (ரலி) அவர்கள் உண்டார்கள், நபியவர்கள் தடுக்கவில்லை.

ஆக, இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இது ஆகுமா என்பது ஒன்று. இது என்ன என்பது மற்றொன்று. முதல் கேள்வியின் பதிலை வைத்து இரண்டாவதைத் தாண்டிப் போகக் கூடாது. திருக்குர்ஆன் ஹலால் என்ற சொல்லோடு தய்யிப், அதாவது நல்லது, தூய்மையானது என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்வதை மறந்துவிட வேண்டாம்.

1774-ல் நடந்தது

கேட்காமல் உண்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் ஓர் உதாரணம் உண்டு. 1774 செப்டம்பரில் ஆங்கில மாலுமி ஜேம்ஸ் குக், பசிபிக் கடலில் இன்று நியூ கலிடோனியா எனப்படும் தீவில் இருந்தார். உள்ளூர்க்காரர் ஒருவர் பிடித்த புதுவகை மீன் ஒன்று விலைக்கு வாங்கப்பட்டுக் கப்பலுக்கு வந்தது. அதைப் படம் வரைந்து விவரம் எழுதுவதற்குள் நேரமாகிவிட்டது. எனவே ஈரலும் சினையும் மட்டும் சமைக்கப்பட்டன. குக்கும் உடனிருந்த இரு அறிஞர்களும் சிறிதளவே சுவைத்தார்கள்.

பின்னிரவில் கை கால் மரத்துப் போனது. தண்ணீர் நிறைந்த பாத்திரமும் ஓர் இறகும் கையில் ஒரே கனமாகத் தோன்றின. வாந்தி எடுக்க மருந்து உண்டு பிழைத்தார்கள். அதன் குடலைத் தின்ற பன்றி காலையில் செத்துக் கிடந்தது. பிறகு கப்பலுக்கு வந்த தீவு மக்கள், அந்த மீனைக் கண்டதும் இது உண்ணத் தகாதது என்று அருவருப்போடு சைகை காட்டினார்கள். விற்கும்போது இதை யாரும் சொல்லவில்லை!

வரைந்தார்கள், எழுதினார்கள். அந்த ஊர்க்காரரிடம் கேட்கத்தான் தவறினார்கள். தெரியாவிட்டால் அறிந்தவர்களிடம் கேளுங்கள் என்ற இறைக் கட்டளை (16:43) மீன் விஷயத்திலும் எவ்வளவு பொருந்துகிறது!

நம் கடற்கரைகளிலும் பேத்தை மீன் உண்டு. வயிற்றை ஊதிப் பெருக்கிக்கொள்ளும் மீன் அது. அந்த இனத்தில் பலவற்றின் ஈரலிலும் சினையிலும் கடும் நஞ்சு இருக்கிறது. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது, அதற்கு முறிவு மருந்தும் கிடையாது. உண்டபின் உதடும் நாக்கும் மரத்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சு நின்றுவிடும் ஆபத்து உண்டு. மீன் இனம் ஹலால் என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. உயிரைக் கொல்லும் நஞ்சை உண்பது ஹராம் என்பதிலும் இல்லை. உங்களை நீங்களே அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்ற கருத்துள்ள வசனத்தை (2:195) பிஸ்மி சொல்லி மாற்றிவிட முடியாது.

யாருடைய உயிர்?

"அப்படியானால் புதிதாக எதையுமே உண்ண முடியாதே?" என்று கேட்கலாம். உண்ணலாம். வயதான மீனவரிடம் காட்டுங்கள், மீன்வளத் துறையினரிடம் கேளுங்கள். தெரிந்தபின் தாராளமாக உண்ணுங்கள். யாருக்கும் தெரியவில்லையா? கடலில் விட்டுவிடுங்கள். அம்பரை உண்டவர்களுக்குப் பட்டினி இருந்தது. நமக்கு இருப்பது பெரும்பாலும் ருசி பார்க்கும் ஆசை மட்டும்தான்.

இன்னொன்றையும் யோசியுங்கள். அந்த மீனை வீட்டுக்குக் கொண்டு போனால், அதை உண்பது நீங்கள் மட்டுமா? வாப்பா கொண்டு வந்தது என்ற ஒரே நம்பிக்கையில் பிள்ளை வாயில் வைக்கிறது. அந்தப் பிள்ளை எதையும் விசாரிக்காது. அதற்காகவும் சேர்த்து விசாரிக்க வேண்டியவர் நீங்கள்தான். அதுவே அமானிதம். விற்பவருக்கும் இதே பொறுப்பு உண்டு. குறையை மறைத்தால் வியாபாரத்தின் பரக்கத் அழிந்துவிடும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். "இது என்ன மீன் என்று எனக்குத் தெரியாது" என்று சொல்வதால் ஒரு விற்பனை போகலாம். சொல்லாமல் விட்டால் ஓர் உயிர் போகலாம்.

அன்பர்களே! தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வதும், தெரிந்தவரிடம் போய்க் கேட்பதும் ஈமானுக்குக் குறைவல்ல. கேட்க வேண்டியதைக் கேட்டு, செய்ய வேண்டியதைச் செய்த பின் அல்லாஹ்விடம் ஒப்படைப்பதே தவக்குல்.

ஹலாலானதையும் தூய்மையானதையும் அறிந்து உண்பவர்களாகவும், பிறர் உயிரை அமானிதமாகப் பேணுபவர்களாகவும் அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! கடலுக்குச் செல்லும் நம் சகோதரர்களைப் பாதுகாப்பானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.