வாங்குபவருக்கும் வாய்மை உண்டா?

விற்பவர் தம் சரக்கின் குறையை மறைக்கலாகாது என்பது நம் இல்லங்களில் சிறுவருக்கும் தெரிந்த சட்டம். தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருக்கக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள் அந்த வியாபாரியைக் கண்டித்த நிகழ்ச்சியை ஜும்ஆ பயான்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஆனால் வாங்குபவர் சரக்கின் நிறையை மறைக்கலாமா? இதைக் கேட்பவர் குறைவு.

மேலப்பாளையத்தில் இது கிதாபோடு நின்றுவிடும் கேள்வியல்ல. 1970களிலும் 80களிலும் வளைகுடா நாடுகளுக்கு ஸபர் சென்று திரும்பியோரின் கைகளில் கடிகாரம் மின்னியது. பெரும்பாலும் ஸீகோ, ஸிட்டிஸன். வசதி படைத்தோரிடம் ராடோ. அபூர்வமாக ஒமேகாவோ ரோலெக்ஸோ. அவர்கள் மௌத்தான பின் அவை பீரோவுக்குள் கிடக்கின்றன. 1969இல் ஜப்பானின் ஸீகோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை வெளியிட்டது. பின்னர் பாட்டரியில் ஓடும் மலிவுக் கடிகாரங்கள் ஊரெங்கும் பெருகின. அதன்பின் கைப்பேசி வந்தது. வீட்டாருக்கு வாப்பாவின் வாட்ச் 'ஓடாத வாட்ச்' ஆகிவிட்டது.

சேகரிப்போர் சந்தையிலோ கதை வேறு. நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் ஒன்று 2017இல் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. இரும்புக்கா அவ்விலை, மனிதனின் பெயருக்கா என்பதை அறிவுடையோர் யோசிக்கட்டும்! அது கிடக்கட்டும். இந்தச் சந்தையில் ஒரு விசித்திரம் உண்டு. புதிதாக மை பூசிப் பளபளப்பாக்கிய முகப்பைவிட, மங்கிப்போன அசல் முகப்புக்கே மதிப்பு அதிகம். விவரம் அறியாத குடும்பத்தார் அந்த மங்கலைக் கண்டு தாமே விலையைத் தாழ்த்துகிறார்கள். விவரம் அறிந்து வீடு தேடி வருபவரோ, எதற்காக வந்தாரோ அதே மங்கலைக் குறையென்று சுட்டிக்காட்டுகிறார்!

"நீங்களே பார்த்துப் போட்டுக் குடுங்க வாப்பா" என்கிறார் கணவரை இழந்த ஒரு தாய். "இதுல என்ன இருக்கு மாமி, ரிப்பேர் செலவுக்கே காணாது" என்கிறார் வந்தவர். ஐந்நூறு ரூபாயில் முடிந்துவிடுகிறது. இது ஹலாலா?

வாய் திறந்து பொய் சொன்னால் அது ஹராம். அதில் பேச்சே இல்லை. பொய் சொல்லாமல் மௌனமாக வாங்கினால்? விலை குறைந்துபோனது என்பதற்காக மட்டும் வியாபாரம் முறியாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் தீர்ப்பு. விலை நிலவரம் அறியாமல் எதிராளியின் நாணயத்தை நம்பித் தன்னை ஒப்படைத்தவரை 'முஸ்தர்ஸில்' என்பார்கள். அவர் பெரும் நஷ்டம் அடைந்தால் வியாபாரத்தை முறிக்கும் உரிமை உண்டு என்பது ஹன்பலி மத்ஹப். மேலும், ஊருக்குச் சரக்கு கொண்டு வருவோரைச் சந்தை அடையும் முன் வழிமறித்து வாங்குவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். சந்தை விலை அவர்களுக்குத் தெரியாது என்பதுதானே காரணம்? நம் செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தையில் விற்பவருக்கு அக்கம்பக்கத்து மாடுகளின் விலையாவது காதில் விழும். பீரோவுக்குள் கிடக்கும் கடிகாரத்திற்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை.

சட்டத்தின் எல்லை அவ்வளவு. ஸஹாபாக்கள் அந்த எல்லைக்கோட்டில் நிற்கவில்லை. ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவேன் என்று பைஅத் செய்தவர் ஜரீர் (ரலி). அவருக்காக 300 திர்ஹத்திற்கு ஒரு குதிரை பேசப்பட்டது. குதிரையைப் பார்த்த அவர், "இது அதைவிடப் பெறுமே" என்று உடையவரிடம் சொல்லி, நூறு நூறாகத் தாமே உயர்த்தி 800 திர்ஹம் கொடுத்தார். இதை இமாம் நவவி (ரஹ்) எடுத்துச் சொல்கிறார்கள். கரும்பில் நோய் விழுந்த செய்தியை முன்கூட்டி அறிந்து, அதை மறைத்துச் சர்க்கரை வாங்கிய பஸ்ராவாசி ஒருவரைப் பற்றி இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் எழுதுகிறார்கள். அவருக்கு 30,000 இலாபம் வந்தது, தூக்கம் போயிற்று. விடிந்ததும் முழுத் தொகையையும் விற்றவரிடமே கொண்டுபோனார். அவர் மனமுவந்து விட்டுக்கொடுத்த பிறகும் மனம் ஆறாமல், மறுபடியும் சென்று ஒப்படைத்தார்.

"இப்படியெல்லாம் பார்த்தால் தொழில் நடக்குமா ஹஜ்ரத்?" என்று கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். கடிகாரத்தைப் பிரித்துப் பார்க்கும் அறிவு வருஷக்கணக்கில் சம்பாதித்தது. உள்ளே இயந்திரம் ஒன்றினுடையது, கூடு மற்றொன்றினுடையது என்று தெரியவந்தால் நஷ்டம் வாங்கியவருக்கே. அந்த உழைப்புக்கும் ஆபத்துக்கும் இலாபம் வைப்பதை யாரும் குறை சொல்லவில்லை. "இது இன்ன கடிகாரம், வெளியே இன்ன விலைக்குப் போகலாம், செலவு போக நான் இவ்வளவு தருகிறேன்" என்று சொல்லி வாங்கட்டும். அதுவும் சங்கடமென்றால், உடையவரின் வக்கீலாக நின்று விற்றுக்கொடுத்து, முன்பே பேசிய கூலியைப் பெறட்டும். என்னைக் கேட்டால் இரண்டாவதே சுத்தமானது.

இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். மௌத்தானவரின் கடிகாரம் விட்டுச்சென்ற சொத்தில் சேர்ந்தது. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. கட்டிக்கொடுத்துவிட்ட பெண்மக்களுக்கும் அதில் பங்குண்டு. சென்னையிலிருந்து வந்த மூத்த மகன் மட்டும் எடுத்து விற்றால், மற்றவர் பங்கு அனுமதியின்றிக் கைமாறுகிறது. தங்கத்தால் ஆன கடிகாரமாயின் ஆண்மக்கள் அணிவது ஹராம். விற்பதும் வாங்குவதும் கூடும்.

தான் கட்டிக்கொள்ள வாங்கிய கடிகாரத்திற்கு ஜகாத் இல்லை. விற்கும் நோக்கத்தில் வாங்கியது வியாபாரச் சரக்கு. நிஸாபை அடைந்து வருஷம் நிறையும்போது, கொடுத்து வாங்கிய ஐந்நூறைக் கணக்கிட்டால் போதாது; அன்றைய சந்தை மதிப்பில் நூற்றுக்கு இரண்டரை கொடுக்க வேண்டும்.