ஒரு சோறு பதமா?

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பார்கள். சமையலறையில் ரொம்ப சரி. இதே விதியை மனுஷனுக்கும் பொருத்துகிறோமே, அது நியாயமா? ‘அன்னிக்கு அவசரத்துக்குக் கேட்டேன், இல்லைன்னுட்டான். அவன் அவ்ளோதான் சார்!’ என்று ஒரே நாளை வைத்து ஓர் ஆளை முடித்துவிடுகிறோம்.

இந்தக் கேள்விக்கு உயிரியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு பாடம் இருக்கிறது. பயப்படாதீர்கள், நான் பி.காம்.தான். என் பாஷையிலேயே சொல்கிறேன்.

நம் உடம்பில் ஏறக்குறைய எல்லா செல்லிலும் ஒரே டி.என்.ஏ.தான். கண்ணிலும் அதுவே, கல்லீரலிலும் அதுவே. எந்தெந்த ஜீன் வேலை செய்கிறது என்பதில்தான் வித்தியாசம். டி.என்.ஏ., பீரோவில் பூட்டிவைத்த பத்திரம். வேலை செய்யும் ஜீன்கள், ஆர்.என்.ஏ. என்ற நகல்களை எடுத்தபடி இருக்கும். அது, அன்றாடம் எழுதும் டே புக். எந்த ஜீனுக்கு எத்தனை நகல் என்று படித்து எண்ணுவதுதான் ஆர்.என்.ஏ. சீக்வென்சிங்.

2008 வாக்கில் இந்த முறை பரவத் தொடங்கியபோது, ஏராளமான செல்களை மொத்தமாக உடைத்துக் கலக்கிப் படித்தார்கள். கிடைத்தது சராசரி. சோற்றைக் கூழாக்கிப் பதம் பார்ப்பது மாதிரி! 2009-ல் ஒற்றை செல்லையே படித்துக் காட்டினார்கள். பிரமாதம்தான். ஆனால், ஒரு சங்கடம். படிக்க வேண்டுமானால் செல்லை உடைக்க வேண்டும். நாளைக்கு அது என்ன செய்திருக்கும்? யாரைக் கேட்பது, அதுதான் செத்துப்போச்சே!

பேலன்ஸ் ஷீட்டும் இப்படித்தான். மார்ச் 31 அன்று நிலவரம் இது என்று சொல்லும். ஏப்ரல் மாதத்துக்கு அது பொறுப்பல்ல.

2022-ல் சுவிட்சர்லாந்தின் லோசான், ஜூரிச் ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டார்கள். பெயர் ‘லைவ்-சீக்’. நுண்ணிய ஊசியால், ஒரு லிட்டரில் சுமார் லட்சம் கோடியில் ஒரு பங்கு திரவத்தை மட்டும் செல்லிலிருந்து உறிஞ்சிப் படித்தார்கள். பெரும்பாலான செல்கள் பிழைத்துக்கொண்டன. கிருமிகளை எதிர்க்கும் மேக்ரோபேஜ் செல்களில் இப்படிச் சாம்பிள் எடுத்தபின், பாக்டீரியாவின் வெளியுறைப் பொருளைக் கொடுத்து என்ன நடக்கிறது என்று கவனித்தார்கள். ஒரே வகை செல்கள், ஒரே சீண்டல். ஆனால், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி எகிறியது! காரணம், சீண்டலுக்கு முன்பே அவை இருந்த நிலை. ஒரு குறிப்பிட்ட ஜீன் எந்த அளவுக்கு வேலை செய்துகொண்டிருந்தது, செல் பிரியும் சுழற்சியில் எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதெல்லாம் முக்கியமாக இருந்தன. உயிரோடு விட்டுவைத்ததால்தான் இது தெரிந்தது.

செல் வேறு, மனுஷன் வேறு. ஊசி குத்தி மனசைப் படிக்க முடியாது. ஒப்புக்கொள்கிறேன். தப்பு செய்தவனைக் கேட்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. தாராளமாகக் கேளுங்கள். செய்த காரியத்துக்குத் தீர்ப்பு சொல்லலாம். ஆளுக்கே தீர்ப்பு எழுத, டே புக்கில் ஒரு பக்கம் போதுமா?

என் தொழிலிலேயே பார்க்கிறேன். கைதானவரின் போட்டோ முதல் பக்கத்தில் வரும். பல வருஷம் கழித்து ‘நிரபராதி’ என்று விடுதலையானால், உள்பக்கத்தில் நாலு வரி. ஊருக்கு அந்த போட்டோதான் ஞாபகம் இருக்கும். அதைச் சுமந்துகொண்டு அவர் பிள்ளை ஸ்கூலுக்குப் போக வேண்டும்.

அடுத்த முறை ‘அவன் அவ்ளோதான்’ என்று வாயில் வரும்போது, முன்னால் ஒரே ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிப் பாருங்களேன்... ‘அன்னிக்கு அவன் அவ்ளோதான்!’