பெயரிடுதல் என்னும் அறம்

நோயுற்ற ஒருவரிடம் அவருடைய நோயின் பெயரைச் சரியாகச் சொல்வது அவருக்குச் செய்யும் தொண்டா, வெறும் தகவலா? முற்றிலும் குணப்படுத்த இயலாத ஒரு நோயை வகைப்படுத்துவதிலும் கணக்கெடுப்பதிலும் ஓர் அறிஞர் தம் வாழ்நாளைச் செலவிடுவது தகுமா? குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில் இத்தகைய வினாக்களை நாம் எதிர்கொண்டதில்லை. இவற்றை நம் முன் வைத்தவர், கடலூரில் நாம் பணியாற்றிய பங்கைச் சேர்ந்த ஓர் இளம் பெண். அவருடைய இசைவுடனேயே, அடையாளங்களைத் தவிர்த்து, ஈண்டு எழுதுகிறோம்.

அவர் ஒரு சிறு பள்ளியின் ஆசிரியை. ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் அவருடைய வலக்கண் பார்வை மங்கியது. கண்ணை அசைத்தால் வலித்தது. சில வாரங்களில் பார்வை ஓரளவு திரும்பியது. அடுத்த ஆண்டு பத்து நாள்கள் தொடர்ந்து விக்கலும் வாந்தியும் வந்தன. வயிற்றுக் கோளாறு என்று மருந்து கொடுத்தார்கள். பின்னர் ஒரு மழைக்காலத்தில், காலையில் எழுந்தபோது இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. நரம்புத் தளர்ச்சி என்றார்கள் சிலர். காற்றுக் கருப்பு அண்டிவிட்டது என்றார்கள் வேறு சிலர். கல்யாணப் பேச்சைத் தட்டிக்கழிக்க நடிக்கிறாள் என்று உறவினர் ஒருவர் நம் காதுபடவே சொன்னார்.

நாம் என்ன சொன்னோம் என்பதையும் மறைப்பதற்கில்லை. நற்கருணை கொண்டு சென்ற ஒரு முதல் வெள்ளியன்று, "மனத்தைத் திடப்படுத்திக்கொள் அம்மா, ஆண்டவர் சோதிக்கிறார்" என்றோம். அவர் நம்மை நிமிர்ந்து பார்த்து, "சாமி, இது மனசுல இல்ல, கால்ல இருக்கு" என்றார். அன்று அதை விசுவாசக் குறைவு என்றே எண்ணினோம்.

பின்னர் வெளியூர் மருத்துவமனை ஒன்றில் எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். நோய்க்கு ஒரு பெயர் கிடைத்ததே பெரிதெனக் குடும்பத்தார் நகைகளை அடகு வைத்து, விலையுயர்ந்த இன்டர்ஃபெரான் ஊசிகளை வாங்கினார்கள். ஆறு மாதங்களுக்குள் இடக்கண்ணும் தாக்குண்டது. மனம் தளர்ந்த நிலையில், அருகில் இருக்கிறதே என்பதற்காகச் சிதம்பரத்தில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்கள்; நாமும் உடன் சென்றோம். அம்மருத்துவர் பழைய சீட்டுகளையெல்லாம் தேதி வாரியாக மேசையில் அடுக்கினார். எவரும் பொருட்படுத்தாத ஒன்றில் அவருடைய விரல் நின்றது. "அந்த விக்கல் எத்தனை நாள் இருந்துச்சும்மா?" என்று கேட்டார். குருதி மாதிரி வெளியூர் ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பப்பட்டது. முடிவு வந்தபோது நோயின் பெயர் மாறியிருந்தது: நியூரோமைலைட்டிஸ் ஆப்டிக்கா. ஊசி நிறுத்தப்பட்டது. வேறு மருந்துகள், விலை குறைந்த பழைய மாத்திரைகளே, தொடங்கப்பட்டன.

இப்பெயர் மாற்றத்தின் பொருளைப் பின்னர் நூல்களைத் தேடிப் படித்தே அறிந்தோம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல், மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பு இழைகளைப் போர்த்தியிருக்கும் மயிலின் உறையைச் சிதைக்கிறது. மற்ற நோயில் தாக்குதலின் இலக்கே வேறு. நரம்புகளுக்குத் துணைநிற்கும் செல்களில் நீர் புகுந்து வெளியேறும் வாயிலாக விளங்கும் அக்வாபோரின்-4 என்னும் புரதத்தை எதிர்ப்பொருள்கள் தாக்குகின்றன. பார்வை நரம்பும் தண்டுவடமும் பெரிதும் பாதிக்கப்படுகின்றன. மூளைத்தண்டில் வாந்தி உணர்வை ஆளும் பகுதி தாக்குண்டால் நிற்காத விக்கல் வரும். பிரான்சின் லியோன் நகரில் எழேன் தெவிக் என்பவர் 1894இல் இந்நோயை விவரித்தார். ஆயினும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பலர் இதனை மல்டிபிள் ஸ்கிளிரோசிசின் ஒரு வகையாகவே கருதி வந்தனர். 2004இல் அமெரிக்காவின் மாயோ மருத்துவ மையத்தைச் சேர்ந்த வாண்டா லெனன் குழுவினர் இந்நோயாளரின் குருதியில் தனிப்பட்ட எதிர்ப்பொருள் இருப்பதைக் காட்டினர். அதன் இலக்கு அக்வாபோரின்-4 என்பது மறு ஆண்டு வெளியாயிற்று. முதல் நோய்க்குப் பயன்படும் இன்டர்ஃபெரான், இரண்டாம் நோயை முற்றச் செய்யக்கூடும் என்பதும் பின்னர் தெளிவாயிற்று. தவறான பெயர் வெறும் சொற்பிழையன்று. ஒரு கண்ணின் பார்வையையே அது விலையாகக் கேட்கும்.

நம் நாட்டில் இத்துறையில் உழைத்தவர்களைத் தேடியபோது, மும்பை நரம்பியல் அறிஞர் நோஷிர் வாடியாவின் பெயர் முதலில் கண்ணில் பட்டது. இந்தியாவில் இந்நோய் மிக அரிது என்று எண்ணப்பட்ட காலத்தில், பார்சி மக்களிடையே அது கணிசமாக இருப்பதை அவரும் சக ஆய்வாளரும் 1990இல் எடுத்துக்காட்டினர். அடுத்து நம் கருத்தைக் கவர்ந்தவர் மங்களூரு கே.எஸ். ஹெக்டே மருத்துவ அகாடமியைச் சேர்ந்த டாக்டர் லேகா பண்டிட். மல்டிபிள் ஸ்கிளிரோசிசையும் அதனோடு ஒத்த நோய்களையும் ஆராய்வதே அவருடைய நீண்ட காலப் பணி. நோயாளர் பதிவேடு ஒன்றை உருவாக்கி, ஒவ்வொருவரையும் ஆண்டுக் கணக்கில் தொடர்ந்து கவனித்து வந்தார். மங்களூரு நகரில் கணக்கெடுத்து, அவரும் சக ஆய்வாளரும் 2014இல் வெளியிட்ட கட்டுரை, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் லட்சம் பேரில் ஏறத்தாழ 8 பேருக்கும், நியூரோமைலைட்டிஸ் வகை நோய் மூவருக்கும் குறைவாகவும் இருப்பதாகக் கூறுகிறது. இந்த எதிர்ப்பொருளைக் கண்டறியும் பரிசோதனையை உள்நாட்டிலேயே செய்வதற்கும் அவருடைய மையம் வழிகண்டது.

இங்கே ஒரு மறுப்பு எழும். காசநோயும் இரத்தசோகையும் வாட்டும் நாட்டில், லட்சத்தில் எட்டுப் பேருக்காக இத்துணை உழைப்பும் பொருளும் தேவையா? இது இழிவான கேள்வியன்று. பொதுநன்மையைக் கருதுவோர் கேட்க வேண்டிய கேள்வியே. ஆனால் கணக்கைச் சற்று நீட்டிப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பில் கடலூர் மாவட்டத்து மக்கள் 26 லட்சத்துக்கு மேல். மங்களூரு நகரின் அளவே இங்கும் என்று வைத்துக்கொண்டால், முதல் நோயால் மட்டும் இருநூறு பேர் நம்மிடையே இருக்க வேண்டும். அவர்களில் எத்தனை பேர் நரம்புத் தளர்ச்சி என்ற பெயரிலும், நடிப்பு என்ற பெயரிலும் திண்ணையில் கிடக்கிறார்களோ! காசநோயாளிக்குத் தம் நோயின் பெயர் தெரியும். அரசு மருந்தும் உண்டு. அரிய நோயினர்க்குப் பெயரே இல்லை. எண்ணப்படாதவர் எவருடைய திட்டத்திலும் இடம்பெறுவதில்லை. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டு ஒன்றைத் தேடிச் சென்ற ஆயனைப் பற்றி மறையுரை ஆற்றும் நாம், அந்த ஒன்று காணாமற்போனது எப்படித் தெரிந்தது என்று சிந்திப்பதில்லை. அவன் எண்ணிப் பார்த்ததனால் அன்றோ தெரிந்தது?

இரண்டாவது மறுப்பு இதனினும் கூரியது. பதிவேட்டில் ஏறிய மனிதர் ஆய்வுப் பொருளாகிவிட மாட்டாரா? மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயை 1868இல் பாரிசின் சால்பேத்ரியேர் மருத்துவமனையில் தெளிவாக வரையறுத்த ழான் மார்த்தேன் ஷார்கோவின் வாழ்வில் ஒரு நிகழ்ச்சி உண்டு. அவர் மறைந்த 1893இல் அவருடைய மாணவர் ஃபிராய்டு அதை எழுதி வைத்தார். ஷார்கோவின் வீட்டுப் பணிப்பெண் ஒருவருக்குக் கைகள் நடுங்கும். தட்டுகளும் கோப்பைகளும் உடைந்துகொண்டே இருந்தன. இழப்பு பெரிதாயினும் அவர் அப்பெண்ணை வேலையிலிருந்து நீக்கவில்லை. அப்பெண் இறந்தபின் உடலை ஆராய்ந்து, நோயின் இயல்பை நிறுவினார். அவர் அப்பெண்ணை வைத்திருந்தது இரக்கத்தாலா, ஆய்வுக்காகவா? மனிதரை ஒருபோதும் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்றார் காண்ட். அந்த அளவுகோலில் ஷார்கோ முற்றும் தேறுவாரா என்பது ஐயமே. ஆயினும் நம்மையும் அதே கோலால் அளந்து பார்த்தோம். அவர் பணிப்பெண்ணின் நடுக்கத்தைக் கூர்ந்து பார்த்தார்; நாமோ நம் பங்குப் பெண்ணின் கால்களைப் பார்க்கவேயில்லை. அவருடைய துன்பத்தை நம் மறையுரைக்கு எடுத்துக்காட்டாக்கினோம். மனிதரைக் கருவியாக்குவது ஆய்வுக்கூடத்தில் மட்டும் நடப்பதன்று.

பிரெஞ்சுக் கத்தோலிக்கச் சிந்தனையாளர் கபிரியேல் மார்சல், சிக்கலையும் மறைபொருளையும் வேறுபடுத்துவார். சிக்கல் நம் எதிரே இருப்பது, ஆராய்ந்து தீர்க்கலாம். மறைபொருளிலோ நாமே அகப்பட்டிருக்கிறோம். வெளியே நின்று அதைத் தீர்க்க முடியாது. துன்பம் மறைபொருள் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஆராய்ந்து அறியத்தக்க சிக்கலை அவசரப்பட்டு மறைபொருள் என்று அழைப்பது பக்தியன்று, சோம்பலே. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரருகில் பேசாது அமர்ந்திருந்தவரை நன்றே செய்தார்கள். வாய் திறந்து அவருடைய துன்பத்துக்குப் பொருந்தாத பெயரைச் சூட்டியபோதுதான் தவறினார்கள்.

சரியான பெயர் எல்லாவற்றையும் தந்துவிடுவதில்லை. அப்பெண்ணின் இடக்கண் பார்வை திரும்பவில்லை. ஊன்றுகோலுடன் நடக்கிறார், மாலையில் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார். "ஏன் எனக்கு?" என்ற வினா இன்னும் அவரிடம் இருக்கிறது, மங்களூருப் பதிவேடு அதற்கு விடை தராது, நாமும் தருவதற்கில்லை. ஆனால் முடிவு வந்த அன்று, சிதம்பரத்திலிருந்து திரும்பும் பேருந்தில் அவர் சொன்னது நினைவில் நிற்கிறது: "இனிமே யாரும் நான் நடிக்கிறேன்னு சொல்ல முடியாதுல்ல, சாமி?" சில காலம் கழித்து அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். சிரித்தார், மறுமொழி சொல்லவில்லை.

அதன்பின் நோயாளரைச் சந்திக்கச் செல்லும்போது, ஆறுதல் மொழிகளை முதலில் எடுப்பதில்லை. "உங்களுக்கு என்ன செய்கிறது? எப்போது தொடங்கிற்று?" என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும் வரை காத்திருக்கிறோம். மருத்துவரைப் பார்க்க வேண்டுமெனில் உடன் செல்கிறோம். பழைய சீட்டுகளை மறவாமல் எடுத்துவரச் சொல்கிறோம். செபம் அதற்குப் பிறகும் செய்யலாம், அது குறைந்துவிடவில்லை. நம் வாசகர்களின் இல்லத்திலோ தெருவிலோ, பெயரற்ற நோயோடு ஒருவர் இருக்கக்கூடும். அவருடைய துன்பத்துக்கு நாம் ஒரு பெயர் சூட்டுமுன், ஒரு முறையேனும் அவர் சொல்வதை முழுமையாகக் கேட்போம்.